ஒழுங்காக நிறுத்தப்படவில்லை

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்,
லாபிர் நானாவின் சட்டம்.
கல்முனைத் தெருப் புழுதி ஒரு சிட்டிகை போனாலும்
சாமானுக்குத் தடிமன் பிடிக்குமாம்.
கடையில் ஒரே ஒரு ஏசி. அதுவும் எங்களுக்கில்லை,
அதற்கு.

எட்டரைக்கு உறையை உருவிப் பொத்தானை அமத்துவேன்.
உறுமும். உள்ளே ஏதோ கறகறவென்று அரிசி களையும்.
கறுப்புத் திரையில் தன் ஞாபகத்தைத்
தானே எண்ணிப் பார்க்கும்,
நேற்று விட்டுப்போன சில்லறையை
முதலாளி எண்ணுவதுபோல.
மறுகா முகில் வரும். நீல வானத்தில் வெள்ளை முகில்.
அது கலைவதற்குள் தேத்தண்ணி ஊற்றி, ஆற்றிக் குடித்து
கோப்பையைக் கழுவியும் கவிழ்த்துவிடலாம்.

கல்யாண அட்டை, மரண அறிவித்தல்,
மீன்பிடிச் சங்கத்துக் கணக்கு,
நற்பிட்டிமுனைக்காரர் ஒருவரின் முடியாத காணி வழக்கு.
எல்லாம் பாமினியில்.
அகரத்துக்கு m, ககரத்துக்கு f.
விரல் இங்கிலீசில் நடக்கும், திரை தமிழில் வந்து சேரும்.

பதினொன்றரைக்குக் கரண்ட் போகும்.
யூ.பி.எஸ். நாலுதரம் கோழிக்குஞ்சாய்க் கத்திவிட்டு
அதுவும் போகும்.
திரும்பி வந்தால் நீலத் திரை, மஞ்சள் கோடு, ஒரு ஏச்சு:
ஒழுங்காக நிறுத்தப்படவில்லை.
இனி இதைக் காணாதிருக்க, முறைப்படி நிறுத்தவும்.

"நானா?" என்றேன், தாங்கமாட்டாமல்.
"என்ன புள்ள?" என்றார் அவர்.

தொண்ணூற்றொன்பது, ஆவணி.
தம்பிலுவிலிலிருந்து பரிபூரணம் வந்தா.
கதிரையில் இருக்கமாட்டா. நின்றபடி சொல்லச் சொல்ல அடித்தேன்.
மகன். தவநேசன். நீலக்கோட்டுச் சாரன். சைக்கிளில் போனவன்.
மூன்றாம் பந்தியில் கரண்ட் போனது.
முதலிலிருந்து சொன்னா, ஒரு சொல் பிசகாமல்.
திரும்பவும் போனது.
திரும்பவும் சொன்னா.
பிறகு ஒவ்வொரு வரிக்கும் சேமித்தேன்,
கடைசியில் ஒவ்வொரு சொல்லுக்கும்.

எங்கள் பிரிண்டரின் நாடா சாம்பல் நிறத்தில்தான் அடிக்கும்.
கொழும்புக்கு அனுப்புவதென்றால்
எழுத்து கறுப்பாய் இருக்கவேண்டுமென்று யாரோ சொல்லியிருந்தார்கள்.
மட்டக்களப்பில் லேசர் இருந்தது.
லாபிர் நானா இரண்டு பிளொப்பி தந்தார்,
ஒன்று கைப்பையில், ஒன்று இடியப்பப் பார்சலுக்கடியில்.

கல்லாற்றுச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள்.
"மேக்க மொகத?"
கடிதம் என்றேன்.
அந்தப் பொடியன் தகட்டைத் தள்ளித் திறந்து
உள்ளேயிருந்த மண்ணிறத் தட்டை வெயிலில் பிடித்தான்.
விரலால் தடவினான். மணந்தும் பார்த்தான்.
எங்கே கடிதம்?
அதற்கு எனக்கு இரண்டு மொழியிலும் பதில் இல்லை.

அவன் தொட்டது திறக்கவில்லை.
மீண்டும் முயல்கவா, கைவிடவா என்று கேட்டது.
மூன்றுதரம் முயன்றேன்.
மற்றது திறந்தது. தேங்காய்ப்பூ ஒட்டியிருந்த அது.
ஆனால் அந்த அலுவலகத்தில் பாமினி இல்லை.
பக்கம் நிறைய அரைப்புள்ளியும் ஆங்கிலமும்
நண்டு ஓடிய மணல்போல.

"இது என்ன பாஷை?" என்றாள் அங்கிருந்த பிள்ளை. அனுஷ்யந்தி.
"தமிழ்தான், எழுதும்" என்றேன்.
திரையைப் பார்த்து நான் வாசித்தேன்.
m என்றிருந்ததை அ என்று. mk;kh என்றிருந்ததை அம்மா என்று.
jtNerd; வந்த இடத்தில் கொஞ்சம் நின்றேன்.
அவள் பேனையால் எழுதினாள்,
வரிக்கோடு போட்ட தாளில், நல்ல கறுப்பாய்.

லேசர் பக்கத்தில் சும்மா சூடாகிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் எட்டரைக்கு உறையை உருவினேன்.
இரவு எப்போதோ கரண்ட் போயிருக்கிறது.
நீலத் திரை. அதே ஏச்சு.

ஓமெண்டேன்.